பட்டா யார் பேரில்: ஒரு மர்ஃபி குடும்பத்தின் மேற்குப் பயணம்

போன கோடையில் மாமனார் வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் இருக்கும் கலிஃபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரின் மர்ஃபி அவென்யூவில் நடக்கும் உழவர் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பீச் பழத்தைக் கையில் எடுத்து, விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டு, தெருப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். "யாரு மாப்பிள்ளை இந்த மர்ஃபி? நம்ம ரேடியோக்காரனா?"

இல்லை மாமா, இவர் விவசாயி, அயர்லாந்துக்காரர், இந்த ஊரே ஒரு காலத்தில் அவர் வயல் என்றேன். மாமனார் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வேறு யாராவது எத்தனை ஏக்கர் என்று கேட்டிருப்பார்கள். அவர் கேட்டது, "பட்டா யார் பேர்ல இருந்துச்சு?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் மர்ஃபி குடும்பத்தின் கதையைத் தேடிப் படித்தபோதுதான், அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே முழுக்கதையையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. 1820-இலிருந்து 1850 வரை முப்பது வருஷம், நான்கு ஊர், மூன்று கொடி. ஒவ்வொரு முறை மூட்டை கட்டியபோதும் காரணம் ஏதோ ஒரு வகையில் நிலத்தின் உரிமை சார்ந்ததுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஐரிஷ்காரர் அமெரிக்காவுக்கு வந்தார் என்றாலே உருளைக்கிழங்குப் பஞ்சம்தான் நினைவுக்கு வரும். பயிரைக் கருக்கிய அந்த நோய் அயர்லாந்தில் தலைகாட்டியது 1845 இலையுதிர் காலத்தில். மர்ஃபிகள் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே கப்பல் ஏறியவர்கள். பஞ்சம் தொடங்கியபோது கலிஃபோர்னியாவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றுக்கு இல்லாமல் ஓடிவந்த கூட்டம் இல்லை இது. கையில் கொஞ்சம் காசும் வீட்டில் நிறையப் பிள்ளைகளும் இருந்த, ஆனால் காலுக்குக் கீழே இருக்கும் மண் தன்னுடையது என்று சொல்ல முடியாத ஒரு குத்தகைக் குடும்பம்.

வெக்ஸ்ஃபோர்ட்

அப்பா, மகன் இருவருக்கும் மார்ட்டின் மர்ஃபி என்றே பெயர். குழப்பத்தைத் தவிர்க்க, பெரிய மார்ட்டின், சின்ன மார்ட்டின் என்று வைத்துக்கொள்கிறேன். பெரியவர் 1785-இல் அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, 1798-இல், அதே மாவட்டத்தில்தான் ஆங்கில ஆட்சிக்கு எதிரான பெரும் கிளர்ச்சி வெடித்து வினிகர் மலையில் நசுக்கப்பட்டது. அந்த வயதில் ஒரு பையன் பார்த்தது சாகும்வரை மனசில் நிற்கும்.

கத்தோலிக்கராகப் பிறந்ததற்கு அங்கே நிலத்தில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1704-இல் வந்த சட்டப்படி கத்தோலிக்கர் நிலம் வாங்க முடியாது. குத்தகையும் 31 வருஷத்துக்கு மேல் எடுக்க முடியாது. அப்பா செத்தால் சொத்தை எல்லா மகன்களுக்கும் பங்கு போட வேண்டும், மூத்தவன் மட்டும் அரசாங்கச் சபைக்கு மதம் மாறினால் மொத்தமும் அவனுக்கு. இதைவிடச் சாமர்த்தியமாக ஒரு குடும்பத்தை உள்ளிருந்தே உடைக்க முடியுமா என்று தெரியவில்லை. 1778-இலும் 1782-இலும் இந்தத் தடைகளைத் தளர்த்தினார்கள். ஆனால் அதற்குள் நிலமெல்லாம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே இருந்தது. காகிதத்தில் வாங்கலாம் என்று எழுதிவிட்டால் விற்பதற்கு ஆள் வந்துவிடுவார்களா? குத்தகையும் கட்டி, தான் கால் வைக்காத சபைக்குத் தசமபாகமும் கட்டி, மிச்சத்தில் பிழைக்க வேண்டும்.

நெப்போலியனோடு போர் நடந்தவரை தானியத்துக்கு நல்ல விலை, சமாளித்தார்கள். 1815-இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, குத்தகை மட்டும் இறங்கவில்லை. 1820-இல் பெரிய மார்ட்டின், 35 வயதில், மனைவி மேரி ஃபோலியையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்குக் கப்பல் ஏறினார். மூத்தவர்கள் இருவர், சின்ன மார்ட்டினும் தங்கை மார்கரெட்டும், ஊரிலேயே தங்கினார்கள். எட்டு வருஷம் கழித்து, 1828-இல்தான் அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரேயடியாக எல்லோரும் குதிக்காமல், ஒருவர் முன்னே போய்க் காலூன்றி, அப்புறம் மற்றவர்களை இழுத்துக்கொள்வது. நம் ஊரில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் நேராக அமெரிக்கா போகாமல் கியூபெக்? காரணம் மரம். கனடாவிலிருந்து பிரிட்டனுக்கு மரம் ஏற்றிவந்த கப்பல்கள் திரும்பும்போது காலியாகப் போக வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஆட்களை ஏற்றினார்கள், கட்டணமும் குறைவு. பாரத்துக்குக் கல்லை ஏற்றுவதைவிட ஐரிஷ்காரரை ஏற்றினால் காசாவது வருமே என்ற கணக்கு.

ஃபிராம்ப்டன், அப்புறம் மிசௌரி

கியூபெக் நகரத்துக்குத் தெற்கே ஃபிராம்ப்டன் என்ற இடம். பக்கத்துப் பகுதிகளில் பழைய பிரெஞ்சு ஜமீன் முறை இன்னும் உயிரோடு இருந்தது, ஆனால் ஃபிராம்ப்டன் ஆங்கிலேயர் புதிதாக அளந்து பிரித்த பகுதி, நிலத்தை முழு உரிமையோடு வாங்க முடியும். அதாவது மர்ஃபி என்ற பெயரில் ஒரு பட்டா சாத்தியமானது முதன்முதலில் இங்கேதான். விலை, உடம்பு உழைப்பு. காட்டை வெட்டி, கட்டையை எரித்து, பனி உருகியதும் கற்களைப் பொறுக்கி, குட்டையான ஒரு கோடைக்குள் விதைத்து அறுக்க வேண்டும். சின்ன மார்ட்டின் 1831 ஜூலை 18 அன்று மேரி போல்ஜரைக் கல்யாணம் செய்துகொண்டார், அவளும் வெக்ஸ்ஃபோர்டுக்காரிதான். அடுத்த வருஷமே கியூபெக்கில் காலரா. 1837-இல் அங்கேயும் கிளர்ச்சி, அதை அடக்கிய படை. தப்பித்து வந்ததே பின்னாலேயே வந்த மாதிரி ஆகிவிட்டது.

1840-இல் பெரியவர் மறுபடி கிளம்பினார். மிசௌரி மாநிலத்தின் வடமேற்கு ஓரம். அந்த மண்ணை 1836-இல்தான் அமெரிக்க அரசு பூர்வகுடிகளான அயோவே, சாக், ஃபாக்ஸ் மக்களிடமிருந்து வெறும் 7,500 டாலருக்கு எழுதி வாங்கியிருந்தது. 1841-இல் வந்த சட்டப்படி குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் வரை ஏக்கர் 1.25 டாலருக்குக் கிடைக்கும். கறுப்பு மண், மரம் வெட்ட வேண்டாம், ஏர் போட்டால் போதும். 1842-இல் சின்ன மார்ட்டினும் வந்து சேர்ந்தார். சுற்றிலும் ஐரிஷ் வீடுகள், அந்த இடத்துக்கே ஐரிஷ் தோப்பு என்று பெயர் வந்துவிட்டது.

மண் நன்றாகத்தான் இருந்தது. ஆற்றோரச் சதுப்பு ஆளை அடித்தது. வருஷா வருஷம் குளிர்க்காய்ச்சல், அதாவது மலேரியா. கெட்ட காற்றால் வருகிறது என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள்; கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் நம்ம செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். பெரியவரின் மனைவி மேரி ஃபோலி அங்கேயே செத்தாள். சின்ன மார்ட்டினின் ஒரு பெண்குழந்தையும் போனது. பட்டா இருந்தது, வீட்டில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பள்ளிக்கூடம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயில் இல்லை.

அந்தப் பக்கம் வந்துபோன ஹோக்கன் என்ற ஜெசூட் பாதிரியார்தான் கலிஃபோர்னியாவைப் பற்றிச் சொன்னது என்பார்கள். காய்ச்சல் இல்லாத நாடு, கத்தோலிக்க நாடு, நிலம் கேட்டால் கொடுக்கிறார்கள். அப்போது அது மெக்சிகோவின் பகுதி. மெக்சிகோ சட்டப்படி வெளிநாட்டுக்காரர் குடியுரிமை வாங்கி நிலம் பெற வேண்டுமானால் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மேலே படித்தேன். வெக்ஸ்ஃபோர்டில் எந்த ஞானஸ்நானச் சீட்டு இவர்களுக்கு நிலத்தை மறுத்ததோ, அதே சீட்டு ஆறாயிரம் மைல் தள்ளி நிலத்துக்குத் தகுதிச் சான்றிதழ். போட்டிக்கு வந்த மற்ற அமெரிக்கர்கள் மதம் மாறியாக வேண்டும், அல்லது மாறின மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நிலைமை எப்படி என்றால், இவர்கள் வண்டி கட்டிய அதே 1844 மே மாதத்தில் ஃபிலடெல்ஃபியாவில் ஐரிஷ் கத்தோலிக்கருக்கு எதிராகக் கலவரம் நடந்து இரண்டு கோயில்களைக் கொளுத்தினார்கள்.

1844: பதினொரு வண்டி

மிசௌரி ஆற்றைக் கடந்து கிளம்பியது சுமார் 50 பேர், 11 வண்டி. ஏறத்தாழப் பாதிப்பேர் மர்ஃபிகள், அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள், சம்பந்திகள். ஆனால் தலைவராகத் தேர்ந்தெடுத்தது ஒரு மர்ஃபியை இல்லை. எலிஷா ஸ்டீஃபன்ஸ் என்ற, யாரோடும் அதிகம் பேசாத, கொல்லுப்பட்டறை வேலையும் வேட்டையும் தெரிந்த ஆள். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கூட்டத்தில் பெரும்பான்மை நாங்கள்தான், எங்கள் ஆள்தான் முன்னால் நடக்க வேண்டும் என்று நிற்கவில்லை. கூட டாக்டர் ஜான் டவுன்செண்ட், அவர் மனைவி எலிசபெத், எலிசபெத்தின் தம்பி மோசஸ் ஷாலன்பெர்கர், வயது 17. வழிகாட்டி கேலப் கிரீன்வுட், எண்பதைத் தாண்டியவர் என்று சொல்லிக்கொள்வார்.

ஜூலையில் இண்டிபெண்டன்ஸ் பாறை அருகே மர்ஃபி வீட்டுப் பெண் மேரிக்கு, அதாவது மில்லரின் மனைவிக்கு, ஒரு பெண்குழந்தை பிறந்தது. எலன் இண்டிபெண்டன்ஸ் மில்லர் என்று பெயர் வைத்தார்கள். வழியில் இருந்த ஃபோர்ட் ஹால் என்ற கோட்டை வரை பிரச்சினையில்லை. அதற்கப்புறம் தென்மேற்கே, இன்றைய நெவாடா பாலைவனத்தில் ஹம்போல்ட் ஆறு மணலுக்குள் காணாமல் போகும் இடம் வரை வந்து நின்றார்கள். அங்கிருந்து எந்தப் பக்கம் போவது என்று கிரீன்வுட்டுக்கும் தெரியாது.

அந்த இடத்தில் பையூட் என்ற பூர்வகுடியின் தலைவர் ஒருவர் கிடைத்தார். அவருக்கு இவர்கள் மொழி தெரியாது, சைகையாலும் தரையில் படம் போட்டும் மேற்கே ஒரு ஆறு இருக்கிறது, கரையில் மரம் உண்டு, புல் உண்டு என்று விளக்கினார். நம்பிப் போய்விடலாம் என்று ஒரு தரப்பு, வேண்டாம் என்று ஒரு தரப்பு. என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்டீஃபன்ஸ், டவுன்செண்ட், கூட வந்த ஃபாஸ்டர் மூவரும் அந்தத் தலைவரோடு குதிரையில் போய், ஆற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் வண்டிகள் நகர்ந்தன. ஆற்றுக்கு அந்தத் தலைவரின் பெயரையே வைத்தார்கள், ட்ரக்கி. இரண்டு வருஷம் கழித்து இதே பாதையில் வந்து, பனியில் சிக்கி ஏறத்தாழப் பாதிப்பேரை இழந்த டானர் கூட்டம், யாரோ எழுதிவைத்த குறுக்குவழியை நம்பி, ஒருவரும் முன்னே போய்ப் பார்க்காமல் உப்புப் பாலைவனத்தில் வண்டியை இறக்கியது. இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்தச் சில நாட்களில் இருக்கிறது என்பேன்.

ட்ரக்கி ஆற்றுப் பள்ளத்தாக்கு போகப் போகக் குறுகியது. ஒரே மைலில் பத்து முறை ஆற்றைக் கடக்க வேண்டியிருந்ததாம். தண்ணீரிலேயே நடந்து மாட்டுக் குளம்பு ஊறி இளகிவிட்டது. பனி விழுந்து புல்லை மூடியது. ஆற்றோரம் நின்ற கோரைதான் மாடுகளுக்குக் கிடைத்தது. நவம்பர் நடுவில் ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஆறு பேர் குதிரையில் தெற்குக் கிளையைப் பிடித்து முன்னால் போனார்கள். டாக்டரின் மனைவி, பெரிய மார்ட்டினின் பிள்ளைகள் எலன், ஜான், டேனியல் எல்லாம் அதில் உண்டு. தாஹோ ஏரிக் கரையில் கால் வைத்த முதல் வெள்ளையர்கள் இவர்கள்தான். வண்டிகள் மற்றக் கிளையில் போய் இன்று டானர் ஏரி என்று சொல்லும் ஏரியை அடைந்தன.

ஏரிக்கு மேலே செங்குத்தான கருங்கல் சுவர். ஆறு வண்டிகளை ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டார்கள். மீதி ஐந்தின் சாமான்களையும் இறக்கி, பனியில் தலையிலும் தோளிலும் மேலே சுமந்தார்கள். பாதி வழியில் பத்தடி உயரப் பாறை குறுக்கே நிற்கிறது. மாட்டை எப்படி ஏற்றுவது? தேடித் தேடி, ஒரு மாடு மட்டும் நுழையக்கூடிய ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார்கள். நுகத்தடியைக் கழற்றி, ஒவ்வொரு மாடாக அந்த இடுக்கு வழியே இழுத்தும் தள்ளியும் மேலே கொண்டுபோய், அங்கே மறுபடி நுகத்தடி பூட்டி, சங்கிலியைக் கீழே விட்டு, மேலே மாடு இழுக்கக் கீழே ஆட்கள் முட்டுக்கொடுக்க, ஐந்து வண்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். நவம்பர் 25. சியரா நெவாடாவைச் சக்கரம் தாண்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை. சின்ன மார்ட்டினின் மனைவி மேரி அப்போது நிறைமாதம். மலையின் மறுபக்கம் யூபா ஆற்றங்கரையில், பனிக்கு நடுவே போட்ட முகாமில் பிரசவம். குழந்தைக்கு எலிசபெத் யூபா மர்ஃபி என்று பெயர்.

பெண்களையும் குழந்தைகளையும் அந்த முகாமில் மாட்டிறைச்சியோடு விட்டுவிட்டு ஆண்கள் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் ஜான் சட்டர் என்பவர் வைத்திருந்த கோட்டைக்கு உதவி தேடி இறங்கினார்கள். போன இடத்தில் உள்ளூர் ஆளுநருக்கும் எதிர்த்தரப்புக்கும் சண்டை. சட்டர் இவர்களையும் ஆளுநர் பக்கம் துப்பாக்கி தூக்கவைத்துவிட்டார். மனைவி மலையில் பனிக்குள் பசியோடு, புருஷன் தெற்கே யாருக்காகவோ படையெடுப்பு. எனக்கு இன்னும் கோபம் வருகிற இடம் இது. முகாமில் மாடு தீர்ந்து கடைசியில் தோலை வேகவைத்துத் தின்றார்கள். 1845 பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரத்தில்தான் எல்லோரையும் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். வழியில் ஒருவர்கூடச் சாகவில்லை. கிளம்பியதைவிட இரண்டு பேர் கூடுதலாக வந்து சேர்ந்தார்கள்.

ஏரிக்கரைக் குடிசை

இதில் சொல்லாமல் விட்ட ஒருவன் மோசஸ். விட்டுவந்த ஆறு வண்டிகளில் டாக்டரின் சரக்கெல்லாம் இருந்தது. காவலுக்கு ஃபாஸ்டர், மாண்ட்கோமரி என்ற இருவரோடு இந்தப் பதினேழு வயசுப் பையனும் ஏரிக்கரையில் நின்றுவிட்டான். இரண்டே நாளில் 12-க்கு 14 அடியில் ஒரு மரக்குடிசை கட்டி, மேலே மாட்டுத்தோலும் பைன் கிளையும் போட்டார்கள். பனி நிற்கவே இல்லை. வேட்டை இல்லை, மாட்டிறைச்சி தீர்ந்துகொண்டே வந்தது. பனிக்காலணி செய்து மூவரும் நடந்தே மலை தாண்டப் பார்த்தார்கள். பையனுக்குக் காலில் தசை இழுத்துக்கொண்டு நடக்க முடியவில்லை. பெரியவர்கள் இருவரும் கைகொடுத்துவிட்டுப் போக, அவன் தனியாகக் குடிசைக்குத் திரும்பினான்.

அப்புறம் இரண்டரை மாதம் போல அவன் மட்டும். வண்டியில் கிடந்த பொறிகளை வைத்தான். முதலில் சிக்கியது கயோட்டி, ஓநாய் மாதிரி ஒரு நரி. எப்படிச் சமைத்தாலும் வாயில் வைக்க முடியவில்லை. அடுத்து சிவப்பு நரி விழுந்தது, அது ருசியாகவே இருந்ததாம். நரி கிடைக்காத நாளுக்கு என்று கயோட்டிகளை வெளியே பனியில் தொங்கவிட்டுக் கையிருப்பாக வைத்திருந்தான். ஒரே ஒரு தடவைக்கான காப்பிப் பொடி இருந்தது, அதைக் கிறிஸ்துமஸுக்கு என்று ஒதுக்கினான். டாக்டரின் பெட்டியில் புத்தகங்கள் இருந்தன, பைரன் கவிதைகளும் செஸ்டர்ஃபீல்ட் பிரபு மகனுக்கு எழுதிய கடிதங்களும். நாகரிகச் சபையில் எப்படி நடந்துகொள்வது என்ற உபதேசத்தை, நரி வறுத்த புகையில், பன்னிரண்டடி அறையில் ஒரு பையன் சத்தமாகப் படிக்கிறான், மனித குரல் கேட்க வேண்டுமே என்று.

பிப்ரவரி கடைசியில் ஒரு மாலை, தூரத்தில் ஓர் உருவம். டென்னிஸ் மார்ட்டின், பெரிய மார்ட்டினின் மகன் ஜேம்ஸின் மைத்துனர். மோசஸ் செய்துவைத்திருந்த பனிக்காலணியைப் பார்த்ததும் தவறு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவர் கனடாவில் வாழ்ந்தவர். திருத்திக்கட்டிக் கொடுத்து, கூட்டிக்கொண்டு மலை தாண்டினார். ஃபிராம்ப்டன் பக்கம் பட்ட குளிர் வீண் போகவில்லை.

குடிசை அங்கேயே நின்றது. 1846 நவம்பரில் டானர் கூட்டம் அதே ஏரிக்கரையில் சிக்கியபோது அதில் குடிபுகுந்தது யார் என்று பாருங்கள்: பேட்ரிக் பிரீன், அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில் பிறந்து, அயோவாவில் பயிர் செய்துவிட்டு மேற்கே கிளம்பிய இன்னொரு ஐரிஷ் விவசாயி, மனைவியும் ஏழு பிள்ளைகளும். அந்தக் குடிசையில் உட்கார்ந்துதான் பிரீன், நவம்பர் 20 முதல் மார்ச் 1 வரை, தினமும் ஓரிரு வரி நாட்குறிப்பு எழுதினார். பனி, காற்று, விறகு, பிரார்த்தனை. அந்தக் கூட்டத்தில் 87 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் செத்தார்கள். தனியாக வந்த ஆண்கள்தான் அதிகம் போனார்கள். பிரீன் குடும்பத்தில் ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

பிரீன்களோடு அந்தக் குடிசையில் ஒண்டியிருந்தவர்களில் ஒருத்தி வர்ஜீனியா ரீட், வயது 13. ராத்திரி பிரீன் வீட்டார் ஜெபம் சொல்வதைக் கேட்டு, பிழைத்தால் நானும் கத்தோலிக்கப் பெண் ஆகிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். ஊர்ப்பக்கம் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்கு 1847 மே மாதம் அவள் எழுதிய கடிதத்தின் கடைசிப் புத்திமதி, குறுக்குவழி எதிலும் போகாதே, சீக்கிரமாக வந்து சேர் என்பது. 1850-இல் அவள் கல்யாணம் செய்துகொண்டது ஜான் மர்ஃபியை, பெரிய மார்ட்டினின் மகனை. நம் நாவலாசிரியர் யாராவது இப்படி முடிச்சுப் போட்டிருந்தால் ரொம்பச் செயற்கை என்று விமர்சனம் எழுதியிருப்போம்.

மாட்டு மேய்ச்சலிலிருந்து மர்ஃபி ஸ்டேஷன்

கீழே இறங்கியபின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம், பணம் சேர்ந்த கதை எல்லாம் ஒரே மாதிரிதான். பெரியவர் சான் ஹோசேக்குத் தெற்கே, இன்றைய மார்கன் ஹில் பக்கம், சுமார் 9,000 ஏக்கர் பண்ணை வாங்கினார். மார்கன் ஹில் என்ற பெயரே அவர் பேத்தி டயானாவைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையின் பெயர். நான் நெடுநாள் அது ஏதோ குன்றின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன மார்ட்டின் முதலில் சாக்ரமெண்டோவுக்குத் தெற்கே கொசும்னஸ் ஆற்றங்கரையில் பண்ணை போட்டார். 1846 ஜூன் 10 அன்று அவருடைய குதிரைப் பட்டியில்தான் மெக்சிகோ ராணுவக் குதிரைகளைக் குடியேறிகள் சிலர் பறித்தார்கள், மெக்சிகோ ஆட்சிக்கு எதிரான கரடிக்கொடிக் கலகம் என்பதன் முதல் காரியம் அது.

1848 ஜனவரியில் தங்கம். தம்பிகள் ஜானும் டேனியலும் தோண்டப் போனார்கள், அவர்கள் தங்கிய இடம் இன்றும் மர்ஃபிஸ் என்ற ஊர். ஜானின் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி மிவோக் என்ற பூர்வகுடி மக்கள் எடுத்துவந்த தங்கத்துக்குப் போர்வையும் உணவும் கொடுத்து மாற்றிக்கொண்டது. சின்ன மார்ட்டின் மண்வெட்டியைத் தொடவில்லை. தோண்டுகிறவர்களுக்குக் கோதுமையும் மாட்டிறைச்சியும் விற்றார். அந்தக் காசில் 1850 வாக்கில் மரியானோ காஸ்ட்ரோவிடமிருந்து பாஸ்தோரியா தெ லாஸ் போர்ரேகாஸ் என்ற பண்ணையில் பாதியை வாங்கினார், 4,894 ஏக்கர். செம்மறி மேய்ச்சல் நிலம் என்று அர்த்தம். அதுதான் இன்றைய சன்னிவேல்.

வீடு வந்த கதை வேடிக்கையானது. அறுத்து எண் போட்ட பலகைகளாகக் கிழக்குக் கரையில் செய்து, தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். கோயில் கட்டும்வரை அந்த வீட்டிலேயே பூசை. மிசௌரியில் இல்லாமல் போன பள்ளிக்கூடத்தை இங்கே விடவில்லை. 1851-இல் சான் ஹோசேயில் நோட்ரே டாம் கன்னியர்கள் பள்ளி தொடங்கியதிலும் சாண்டா கிளாரா கல்லூரியிலும் அவர் கை இருந்தது. 1864-இல் ரயில் பாதைக்கு நிலம் விட்டார், பதிலுக்கு மர்ஃபி ஸ்டேஷன் என்று ஒரு நிறுத்தம். 1881 ஜூலை 18 அன்று ஐம்பதாவது கல்யாண நாளுக்குத் தனி ரயில் விட்டு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து சாப்பிட்டார்கள். 1884-இல் இறந்தார். வீட்டை 1961-இல் இடித்துவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் அதே மாதிரி ஒன்றைக் கட்டி 2008-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

வழி காட்டிய ஸ்டீஃபன்ஸ் என்ன ஆனார் என்று கேட்டால், இங்கேயே குப்பர்டினோ பக்கம் கொஞ்சகாலம் தனியாக இருந்துவிட்டு, ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று தெற்கே போய்விட்டார். தினமும் நாம் நெரிசலில் நிற்கும் ஸ்டீவன்ஸ் கிரீக் சாலை அவர் பெயர்தான், எழுத்துப்பிழையோடு.

சரி, பட்டா. போன மாதம் மாமனாரோடு போனில் பேசும்போது இதைச் சொன்னேன். 1848-இல் கலிஃபோர்னியா அமெரிக்காவுக்குப் போனது. 1851-இல் ஒரு சட்டம், மெக்சிகோ காலத்துப் பத்திரம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆணையத்தின் முன் வந்து நிரூபிக்க வேண்டும். வக்கீல் செலவு, நில அளவைச் செலவு, ஆங்கிலம் தெரியாத குடும்பங்கள், வருஷக்கணக்கில் இழுப்பு. ஒரே பண்ணையின் இரண்டு பாதிகள். மர்ஃபியின் பாதிக்கு அமெரிக்க அரசின் பட்டா 1865-இல் வந்தது. காஸ்ட்ரோவின் பாதிக்கு 1881-இல். விற்றவருக்கு வாங்கியவரைவிடப் பதினாறு வருஷம் தாமதம். மௌண்டன் வியூவில் காஸ்ட்ரோ ஸ்ட்ரீட் என்று தெருவுக்கு மட்டும் பெயர் இருக்கிறது. குத்தகைக்காரர் மகன் நிலச்சுவான்தார் ஆன அதே வருஷங்களில், 1840-களின் கடைசியில் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த கலிஃபோர்னியப் பூர்வகுடிகள் 1870-இல் ஏறத்தாழ முப்பதாயிரமாகச் சுருங்கியிருந்தார்கள்.

"அவங்க யார் பேர்லயும் ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

ஒருவர் இருந்தார் மாமா. மர்ஃபி நிலத்துக்கு வடக்கே, இப்போது மோஃபெட் விமானதளம் இருக்கும் இடத்தில், இனிகோ என்ற ஆள், ஒலோனி பூர்வகுடி. மிஷனில் வளர்ந்தவர். மெக்சிகோ ஆளுநர் அவர் பேரில் எழுதிக்கொடுத்த நிலம் அது. வருஷம் 1844, மர்ஃபிகள் மாட்டைப் பாறை இடுக்கில் ஏற்றிக்கொண்டிருந்த அதே வருஷம். அங்கேயே 1864-இல் செத்தார். அதற்குள் பெரும்பகுதி வேறு ஆட்கள் கைக்குப் போய்விட்டது.

மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தா தெரியும்" என்றார்.